தோளில் மிச்சமிருந்த விரல்கள்

போட்டோ ஸ்டுடியோவுக்கு இப்போதெல்லாம் யாரும் படம் எடுத்துக்கொள்ள வருவதில்லை. வேறு ஆளாக மாறிப் போகத்தான் வருகிறார்கள். பொம்மனஹள்ளியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வளையும் சந்தில் என் கடை. கேமரா என் கையில், கம்ப்யூட்டர் என்னிடம் வேலை பார்க்கும் ரேஷ்மா கையில். நான் ஃபிலிம் காலத்தில் தொழில் கற்றவள். எடிட்டிங் சாஃப்ட்வேர் வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. இருட்டறையில் மருந்து வாடையோடு நின்றுகொண்டு செய்த வேலையை நாற்காலியில் உட்கார்ந்து செய்யலாம் என்றால் யாருக்குக் கசக்கும்? இப்போது அந்த ஸ்க்ரீனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் என்று இந்தத் தொழிலில் அவதிப்படுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்கள் உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைத் திறந்து, எத்தனை பேரை அடையாளம் தெரிகிறது என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

வரனுக்கு ஒரு படம்

ஒரு அம்மா மகள் கல்பனாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். வைட்ஃபீல்டில் ஆபீஸ் வேலை பார்க்கும் பெண். நல்ல கறுப்பு, களையான முகம். ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து எடுத்தேன். நான் எடுத்த படங்களில் எனக்கே பிடித்த படம் அது. பார்த்ததும் அம்மா, "கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க" என்றார். "கலர் படம்தானேம்மா இது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. முடியாது என்று சொல்லி, எடுத்தது எடுத்தபடி கொடுத்து அனுப்பினேன்.

அந்தம்மா விடவில்லை. ஏதோ ஒரு ஆப்பில் போட்டு, பெற்ற மகளைச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆக்கித் தரகருக்கு அனுப்பிவிட்டார். ஆனேக்கல்லிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கல்பனா காபித் தட்டோடு வந்து நின்றதும், மாப்பிள்ளையின் அத்தை போனையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது பெரிய பொண்ணா? போட்டோல இருக்கிற சின்னவளைக் கூப்பிடுங்க" என்றாராம். வீட்டில் இருப்பதே ஒரு பெண்தான். காபி ஆறுவதற்குள் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் அம்மா என்னிடம் சண்டைக்கு வந்தார். நான் பக்குவமாக வெளுத்துக் கொடுத்திருந்தால் இந்த அவமானம் வந்திருக்காதாம்! நான் வாயைத் திறப்பதற்குள், பின்னாலேயே வந்த கல்பனா அம்மாவின் கையைப் பிடித்தாள். "வாம்மா போலாம். அவங்களுக்குப் புடிச்ச பொண்ணு உன் போன்லதான் இருக்கா, அவளையே கட்டிக் குடு."

முன்பல்

அபார்ட்மென்ட் ஒன்றில் பிறந்தநாள் விழா. குழந்தைக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. அது ஓட்டை வாயோடு சிரித்ததுதான் அன்றைக்கு எடுத்ததிலேயே அருமையான படம். அப்பாக்காரர், "பல்லை மட்டும் வெச்சிடுங்க மேடம், ஃபிரேம் போடணும்" என்றார். "இந்த வயசுல பல்லு விழாம எப்ப சார் விழும்?" என்று கேட்டேன். அவரே தன் லேப்டாப்பில் வேலையை முடித்துவிட்டார். ஆல்பம் கொடுக்கப் போனபோது படம் சுவரில் தொங்கியது; அந்தப் பல் முப்பது வயதுக்காரியின் பல். குழந்தை சோபா மேல் ஏறி நின்று அதையே பார்த்தது. நாக்கை ஓட்டைக்குள் விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுக் கேட்டது: "டாடி, எனக்கு எப்ப பல் முளைச்சு மறுபடி விழுந்துச்சு?"

குடும்பப் படம்

பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் அக்கா லதா, வீட்டை எதிர்த்து வேறு சாதிக்காரரைக் கட்டிக்கொண்டவள். தம்பிதான் ஒற்றைக்காலில் நின்று அவளை வரவழைத்திருந்தான். வந்தவள் ஓரமாக உட்காரவில்லை. பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கினாள், மணப்பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டாள், வந்தவர்களுக்கு வழி காட்டினாள். குடும்பப் படத்துக்குத் தம்பி அவளைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பின்னால் நிறுத்தினான். அவள் அவன் தோளில் கை வைத்தாள். நான் க்ளிக் செய்தேன்.

ஒரு வாரத்தில் அவர்கள் அப்பா கடைக்கு வந்தார். "இதுல அந்தப் பொண்ணு மட்டும் வேணாம். எடுத்துடுங்க."

"உங்க பொண்ணுதானே சார்?"

"அதனாலதான் சொல்றேன்."

ரேஷ்மா மவுஸிலிருந்து கையை எடுத்து மார்பில் கட்டிக்கொண்டாள். "நக்கோ அக்கா, என்னால ஆகாது." படங்களைப் பென் டிரைவில் போட்டு அவரை அனுப்பிவைத்தேன். அவருக்கு வேறு கடையா கிடைக்காது? அந்தக் காலத்தில் ஆளை நீக்க வேண்டுமென்றால் கத்திரிக்கோல் எடுக்க வேண்டும். வெட்டின இடம் பல்லை இளிக்கும். யார் வெட்டினது என்று வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்பார்கள். அந்த வெட்கத்துக்கே பாதிப் பேர் சும்மா இருந்தார்கள். இந்த எடிட்டிங் சனியன் வந்ததிலிருந்து அந்த வெட்கமும் போய்விட்டது. ஆள் இருந்த இடத்தில் பூ அலங்காரத்தை நிரப்பி, பிறக்கவே இல்லை என்று ஆக்கிவிடுகிறது.

ஆனால் அவருக்கு அந்த வேலையைச் செய்து கொடுத்த கடைக்காரன் அவசரக்காரன். தம்பி மனைவி மனசு கேட்காமல் ஆல்பத்தைப் போனில் படம் பிடித்து லதாவுக்கு அனுப்பியிருக்கிறாள். லதா அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். அவள் நின்ற இடத்தில் ரோஜாப்பூ. தம்பியின் தோளில் மட்டும் நான்கு விரல்கள். அந்த அப்பாவின் வீட்டு வாசலுக்கே போய்க் கத்திவிட்டு வரலாமா என்று இருந்தது. அதற்குப் பதில் அசல் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அவள் மடியில் வைத்தேன். தம்பியின் தோளில் இருந்த தன் கையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "என்னைத் தூக்கிட்டாங்க அக்கா. ஆனா அவன் தோள்லேருந்து என் கையை எடுக்க முடியலை பாருங்க."

சாக்கடை

மழையில் எங்கள் சந்துச் சாக்கடை பொங்கி, எதிர்வீட்டு முனியம்மாவின் கட்டில் வரைக்கும் வந்துவிட்டது. படம் எடுத்துப் பிரிண்ட் போட்டுக்கொண்டு மாநகராட்சி ஆபீஸுக்குப் போனேன். இன்ஜினியர் புரட்டிப் பார்த்தார். நான் யாரென்று கேட்டார். சொன்னதும் படங்களை என் பக்கமே தள்ளிவிட்டார். "ஸ்டுடியோ நிம்மதே அல்வா மேடம்? உங்க சொந்த ஸ்டுடியோதானே? எடிட்டிங்ல நீங்க கடலையே கொண்டுவருவீங்க" என்று கன்னடமும் தமிழுமாகச் சிரித்தார்.

வெள்ளையடித்த பெண்ணை நம்புகிறார்கள், முளைக்காத பல்லை நம்புகிறார்கள், சாக்கடையைக் காட்டினால் மட்டும் எடிட்டிங். உங்களில் யாராவது உண்மையான படத்தோடு ஒரு ஆபீஸ் படி ஏறியிருந்தால் அந்தச் சிரிப்பு எப்படிச் சுடும் என்று தெரிந்திருக்கும். "நீங்க வந்து பார்க்கிற வரைக்கும் நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் வேறு வழியில்லாமல் வந்தார். சந்து முனையில் பைக்கை நிறுத்திக் காலை ஊன்றினார். ஷூ மூழ்கி, பேன்ட் முட்டி வரை நனைந்தது. என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "போட்டோல இவ்ளோ தண்ணி தெரியலையே மேடம்!"

காரியப் படம்

நியாயமாக இதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தவறிப்போனார். காரியத்துக்கு மாலை போட வீட்டில் இருந்தது ஒரே படம். அதுவும் தண்ணீர் பட்டுக் கறையேறி, பாதி முகம் மறைந்துபோனது. மகன் முருகேசன் அதை முதலில் ஒரு ஏஐ ஆப்பில் கொடுத்திருக்கிறார். மொழுமொழுவென்று, சினிமாக்காரன் மாதிரி சிரித்துக்கொண்டு ஒரு முகம் வந்தது. அம்மா அதற்கு மாலை போட மாட்டேன் என்றுவிட்டார். "யார் வீட்டு ஆம்பளைக்கோ நான் எதுக்குடா மாலை போடணும்?"

அம்மாவையே கூட்டிவரச் சொன்னேன். ரேஷ்மா அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கறையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கினாள். எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை. புருவத்துக்கு மேல் ஒரு கோடு வந்தபோது, "இது கறையா, தழும்பாம்மா?" என்று கேட்டாள். "தழும்புதான். பிரேக்கு புடிக்காம போய் விழுந்தாரு. அது இருக்கட்டும்" என்றார். முகம் முழுதாகத் தெளிந்ததும் அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகனிடம் திரும்பினார். "எப்படி முறைக்கிறாரு பாரு. இவருதான்டா உங்கப்பா."

எடிட்டிங் வந்து படத்தொழிலை வாழ வைத்ததா கெடுத்ததா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கறையைத் துடைக்க இதைவிட நல்ல துணி கிடையாது, ஆனால் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் கறை என்று விரல் நீட்டிக் காட்டுவது பெரும்பாலும் ஒரு மனுஷியைத்தான்.