தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று படகுகள்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், தரை துடைக்க வந்த கூடத்திலேயே பதினோராம் எண் இருக்கையை வென்றாள். அங்கே இருக்கை பெற்ற முதல் பெண் அவள்தான். தீராப் பகை கொண்ட நீலக் கொடியிடமும் சிவப்புக் கொடியிடமும் ஒரே கப்பலுக்குத் தொண்ணூற்றைந்து புள்ளி நற்பெயர் வாங்கினாள். நடக்காத காரியம் என்று பதினோரு ஆண்கள் ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அது. தொண்ணூறு நாள் கெடு வைத்தார்கள். எண்பத்தாறாவது நாளே முடித்தாள். இதில் எதையும் யாரும் அவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை.

வீட்டில் அவள் சின்னவள். கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் துடைப்பம்.

கூடம் என்பது ஒரு துணிக்கடையின் மாடி. பன்னிரண்டு கணினிகள், பன்னிரண்டு நாற்காலிகள், கறுப்புத் தாள் ஒட்டிய ஒரு ஜன்னல். அங்கே விண்வெளி வணிக விளையாட்டு ஆடுவார்கள். ஆனால் யாரும் தனக்காக ஆடுவதில்லை. ஆடவும் ஆசை, நேரமும் இல்லை என்கிற வசதிக்காரர்களுக்காகக் கப்பலுக்கு நற்பெயர் சேர்த்து வைப்பார்கள். சேர்ந்ததும் முதலாளி அந்தக் கப்பலை விற்றுவிடுவார்.

அந்த விளையாட்டில் கொடிக்கு ஒரு நிறமாக ஏழு அரசுகள்; அவற்றில் நீலமும் சிவப்பும் பகைவர்கள். ஒவ்வொரு அரசும் ஒவ்வொரு கப்பலைப் பற்றியும் ஓர் எண் வைத்திருக்கும். சொன்ன சரக்கைச் சொன்ன நாளில் இறக்கினால் எண் கால் புள்ளி ஏறும். கடத்தல் சரக்கோடு பிடிபட்டால் ஐந்து இறங்கும். காவல் கப்பலைச் சுட்டால் அறுபது போகும். ஏறுவது எறும்பு, இறங்குவது பாறாங்கல். எண் தொண்ணூறைத் தாண்டினால்தான் உள்துறைமுகத்தின் கதவு திறக்கும். நீலத்திடம் ஒரு புள்ளி ஏறினால் சிவப்பிடம் ஒரு புள்ளி இறங்கும் என்பதால், இரண்டு கதவும் திறந்த கப்பலை யாரும் பார்த்ததில்லை.

சின்னவளும் அவள் அக்காவும் நான்கு வருடம் அந்தக் கூடத்தைப் பெருக்கித் துடைத்தார்கள். சின்னவளுக்கு எழுத்து மறந்துபோயிருந்தது, எண்கள் மறக்கவில்லை. நாற்காலிகளுக்கு நடுவே துணியைத் தள்ளிக்கொண்டே பன்னிரண்டு திரைகளின் எண்களையும் பார்த்து வந்தாள். கொடிகளை நிறத்தால் தெரிந்துகொண்டாள்.

பதினோராம் இருக்கைக்காரன் வேலையை விட்டுப் போன வாரம், முதலாளி கூடத்தின் நடுவில் நின்று கேட்டார்.

"நீலம், செவப்பு, ரெண்டும் தொறந்த கப்பல் ஒண்ணு வேணும்னு ஒரு பெரிய ஆளு கேக்கறாரு. யாராவது ஆம்பளை இருக்கீங்களா?"

யாரும் தலை தூக்கவில்லை.

"நான் செய்யறேன் மொதலாளி" என்றாள் சின்னவள்.

"மொதல்ல வாளியக் கீழ வை. தண்ணி சிந்துது."

எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். வாளியைக் கீழே வைத்தாள். முதலாளிக்கு வேடிக்கை பிடித்துவிட்டது.

"சரி, ஒக்காரு. தொண்ணூறு நாள். முடிச்சா நெரந்தர வேலைக்குக் கடிதம் தர்றேன். முடிக்கலன்னா அக்காளும் தங்கச்சியும் சேர்ந்தே கெளம்பிடணும்."

ஜூலை இருபத்திரண்டு, திங்கட்கிழமை, அவள் உட்கார்ந்தாள். அவள் கண்டுபிடித்திருந்த வழி இதுதான். நீலமும் சிவப்பும் போரிட்ட இடத்தில் உடைந்த கப்பல்களிலிருந்து உயிர்காப்புப் படகுகள் மிதக்கும். அதில் இருப்பவர்களைப் பொறுக்கி, அவரவர் நாட்டில் இறக்கினால் அந்த நாடு படகுக்கு ஒரு புள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு தரும். அது வணிகம் இல்லை என்பதால் எதிரி நாடு எதையும் குறைப்பதில்லை. ஐந்தில் ஒரு பங்குக்காக யார் மெனக்கெடுவார்கள்? அவள் மெனக்கெட்டாள். ஒரு நாளைக்குப் பதினொரு படகு, சில நாள் பன்னிரண்டு. ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை.

"என்ன தொடப்பம், இன்னிக்கு எத்தன பொணம் பொறுக்கின?" என்பார் மேற்பார்வையாளர். அவர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. கூடமே அவரை மச்சான் சார் என்று அழைக்கும்.

"பொணத்துக்குப் புள்ளி கெடையாதுண்ணே. எல்லாம் உசுரோட இருக்கறவங்க."

"இருந்தாலும் பெருக்கற புத்தி போகல பாரு. வானத்துலயும் குப்ப பொறுக்குது."

அக்டோபர் பதினைந்து, செவ்வாய்க்கிழமை, இரண்டு கதவும் திறந்தன. மொத்தம் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று படகுகள். முதலாளி வந்து பார்த்தார், எண்களை இரண்டு முறை பார்த்தார். "வெள்ளிக்கெழம கடிதம்" என்று மட்டும் சொன்னார். கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டுமே என்று, அன்று மாலை அக்கா பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம் சின்னவளின் பெயரை எழுதிக் கொடுத்தாள். சின்னவள் அதன் கீழே அறுபது முறை எழுதினாள். மறுநாளும் எழுதினாள்.

வியாழக்கிழமை மதியம் ஒன்றரைக்கு, வாங்கப்போகிறவர் கப்பலைப் பார்க்க வந்தார். கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. இருக்கையை விட்டு எழுந்தால் மேசையில் இருக்கும் எண் பலகையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பலகை நிமிர்ந்திருக்கும்வரை அந்தக் கப்பலுக்கு என்ன நடந்தாலும் இருக்கைக்காரரே பொறுப்பு.

"எந்திரி. சாருக்கு டீ வாங்கிட்டு வா" என்றார் மச்சான் சார்.

"பலகையக் கவுத்திடறேண்ணே."

"ரெண்டு நிமிஷத்துக்கு என்னத்தக் கவுக்கறது? சாரை நிக்க வெச்சுட்டுச் சட்டம் பேசறியா?"

அவள் பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். எண்பத்தெட்டு நாளில் அவள் செய்த ஒரே தவறு அது.

அவள் டீயோடு திரும்பியபோது மச்சான் சார் பீரங்கியைக் காட்டிக்கொண்டிருந்தார். வெறும் வெளியைச் சுடுவதாக நினைத்துச் சுட்டதில் ஒரு நீலக் காவல் கப்பல் உடைந்திருந்தது. அறுபது போயிற்று. அதையாவது முந்நூறு படகில் மீட்டிருப்பாள். உடைந்த கப்பலிலிருந்து நான்கு சின்னப் பொட்டுகள் திரையில் மிதந்து வந்தன.

"அண்ணே, சுடாதீங்க. அது ஆளுங்க."

"எதிரி வருது, நீ தள்ளு" என்று சொல்லி நான்கையும் சுட்டார்.

உயிர்காப்புப் படகைச் சுட்ட கப்பலை அந்த விளையாட்டு மன்னிப்பதில்லை. ஏழு அரசுகளின் எண்களும் ஒன்றாகச் சிவந்து, பூஜ்யத்துக்குக் கீழே போய்ப் பூட்டிக்கொண்டன. எத்தனை சரக்கு இறக்கினாலும் இனி அவை நகராது. வாங்க வந்தவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை முதலாளியின் மேசையில் ஒரு தாள் இருந்தது. அக்கா அறை மூலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"படிச்சுக் காட்டுங்க மொதலாளி" என்றாள் சின்னவள்.

படித்தார். 'கப்பலைச் சுட்டது நான்தான், கவனக்குறைவு என்னுடையது, இருக்கையைத் திருப்பித் தருகிறேன்' என்று இருந்தது.

"சுட்டது மச்சான் சாரு. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்" என்றார் முதலாளி. குரலை உயர்த்தவில்லை. "பலக நிமிந்துதான இருந்துச்சு? அந்தப் பெரிய ஆளுக்கு ஒரு பேரு காட்டணும். மச்சினன் பேரக் காட்டிட்டு நான் வீட்டுல சோறு திங்க முடியுமா? இதப் போட்டா நீ பழையபடி பெருக்கலாம். போடலன்னா அக்காளயும் கூட்டிட்டு இப்பவே எறங்கு."

சின்னவள் மூலையைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லை. அக்கா துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

முதலாளி மைப்பெட்டியைத் தள்ளினார். "பெருவெரல் போதும்."

"வேணாம், எழுதறேன்."

"எழுதத் தெரியுமா ஒனக்கு?"

அவள் கையை நீட்டினாள். பேனாவை வாங்கினாள். முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை ஓர் எழுத்தும் கோணவில்லை, கோட்டை விட்டு இறங்கவில்லை. மை காய முதலாளி தாளை ஊதினார். அவள் வெளியே வந்து, பதினோராம் பலகையைக் கவிழ்த்துவிட்டு, வாளியை எடுத்தாள்.

சின்னவள் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட நாள்: 2019 அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று இருபது.