டிஸ்க்கில் அடங்காதவர்

நடுவிலிருந்து விளிம்புக்கு, நேர்கோடாகத் துடைப்பார் ரத்தினவேல். அதற்கென்றே ஒரு பழைய பனியன் துணி. "வட்டமாத் தொடச்சா டிஸ்க் செத்துப்போயிருமுங்க" என்று சொல்லாமல் எவரையும் கடையிலிருந்து அனுப்பமாட்டார்.

மைசூரில் கேசட் போய் சி.டி. வந்த புதிது. மண்டி மொகல்லாவில் அவர் கடை. பிளேயர் வாடகைக்கு விடுவார். கல்யாணக் கேசட்டை சி.டி.யாக மாற்றித் தருவார். மூன்று மணி நேரக் கல்யாணத்தை ஒரு மணிச் சொச்சத்துக்குள் அடக்கவேண்டும். யாரை வெட்டுவதென்று வீட்டாரே சொல்லிவிடுவார்கள்: ஏழைச் சித்தப்பா, பேச்சுவார்த்தை நின்றுபோன நாத்தனார். வெட்டுப்பட்டவர்கள் வந்து கேட்டால், "டிஸ்க்குல அடங்கலீங்க, ஏன் மாடோது, என்ன பண்றது?" என்று கையை விரிப்பார்.

ஊருக்கெல்லாம் சாத்திரம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

தங்கை சரசுவின் மகள் ஸ்ரீதேவி தகப்பனில்லாத பெண். தாய்மாமனான இவர்தான் வளர்த்து ஆளாக்கினார். மணவறையில் மாலை எடுத்துக் கொடுத்தவரும் இவரே. சம்பந்தி நஞ்சன்கூட்டில் மில் வைத்திருப்பவர். கேசட்டை இவரிடம் தராமல் பெங்களூரில் சி.டி. போட்டுக்கொண்டார்கள். "அங்க வேலை சுத்தமா இருக்குமுங்க" என்று இவரே பெருமையாகச் சொல்லித் திரிந்தார், பாவம்.

வளைகாப்புக்குச் சரசு போன் செய்தாள். "பிளேயரையும் எடுத்துட்டு வந்துருங்கண்ணா."

சரிகைத் துண்டு போட்டுக்கொண்டு போனார். கூடம் நிறையச் சொந்தம். படம் ஓடியது. "இப்ப நான் வருவேன் பாருங்க" என்று பக்கத்திலிருந்தவரைத் தொட்டுச் சொன்னார். மாலையை நீட்டும் ஒரு கை வந்தது. கைக்கடிகாரம் இவருடையது, முகம் வருவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது. மாப்பிள்ளையின் கார் மட்டும் மூன்று பக்கத்திலிருந்தும் ஓடிக்கொண்டே இருந்தது. வாடகைக்குப் பிளேயர் தூக்கும் மாமன் மில்காரர்களுக்குக் கௌரவக் குறைச்சல், வேறென்ன?

சரசுவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"டிஸ்க்குல அடங்கலையாமாண்ணா..."

அது அவர் பேச்சாயிற்றே.

"ரத்தினவேலு, இன்னொருக்காப் போடப்பா!" சம்பந்தியின் குரல்.

டிஸ்க்கை வெளியே எடுத்தார். பனியன் துணி பையிலேயே இருந்தது. தோளிலிருந்த துண்டின் சரிகை முனையைப் பிடித்து, நிதானமாக, அழுத்தி அழுத்தி, வட்டமாகத் துடைக்கத் தொடங்கினார்.