மத்தியானப் பெஞ்சுகள்

போன வாரம் நகராட்சி ஆட்கள் எங்கள் தெருச் சாக்கடை ஓரம் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதுமே, எழுபதுகளின் கடைசியில் கடலோர மீனவர் குப்பமான வைத்திக்குப்பத்தில் நான் வாத்தியார் வேலையில் சேர்ந்த வருஷம் ஞாபகம் வந்துவிட்டது.

வாந்திபேதி வந்த வருஷம் அது. பள்ளிக்கூடத்தில் கட்டில்களைப் போட்டு ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டார்கள். மாதக்கணக்கில் வகுப்பில்லை. திரும்பத் திறந்தபோது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடே மறந்திருந்தது. எனக்கும் பாதி மறந்துதான் இருந்தது, அது வேறு கதை. மீன் விற்கும் அஞ்சலை தன் மகள் தேவகியைப் பற்றி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னாள்: "பெயிலாச்சின்னா அவங்கப்பன் படிக்க உடமாட்டாரு சார். மீன் கூடைதான்."

விட்ட பாடத்தை எப்போது நடத்துவது, யார் நடத்துவது? பக்கத்துத் தெருக் கான்வென்ட் ஒருநாள்கூட மூடவில்லை. அங்கே மத்தியானம் பிள்ளைகள் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் இரண்டரை மணிக்குத்தான் திரும்புவார்கள். அதுவரை பெஞ்சுகள் சும்மா கிடக்கும். நம் ஊர் மத்தியானத் தூக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. இங்கே ஆண்டு அதைப் பழக்கிவிட்ட பிரெஞ்சுக்காரன் போனான், தூக்கம் போகவில்லை. நான் தெருவைத் தாண்டிப்போய்க் கேட்டதும், அந்தத் தூக்கத்தை விட்டுக்கொடுக்க அங்கே மூன்று டீச்சர்கள் முன்வந்தார்கள். பதிலுக்கு அவர்கள் பிள்ளைகளுக்கு நான் தமிழ்ச் செய்யுள் நடத்துவதாகப் பேச்சு.

கான்வென்ட் பெற்றோர் கொதித்தார்கள். குப்பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்த பெஞ்சில் நோய் ஒட்டுமாம். தலைமையாசிரியையான மதர் தயங்கி, பின்வாசல் வழியாக வந்து வராந்தாவில் பாயில் உட்காரட்டும் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வார்த்தை வரவில்லை. அஞ்சலைக்கு வந்தது. நான் போய் விஷயத்தைச் சொன்னதும் கூடையை இறக்கிவைத்துவிட்டு நேரே என்னோடு மதரிடம் வந்தாள்.

"பாயி எங்க ஊட்லயே இருக்குது மதர். எங்க புள்ளைங்களுக்கு நோவு போயிடுச்சி, இவங்களுக்கு பயம்தான் போவல. பெஞ்சி குடுங்க. இல்லன்னா வேணாம்னு சொல்லிடுங்க."

மதர், "முன்வாசல் வழியாவே வரட்டும். கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார். சிலர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டார்கள். மாற்றட்டும் என்று விட்டுவிட்டார்.

கணக்கு டீச்சர் பின்னம் நடத்திக்கொண்டே கொட்டாவி விடுவார். வகுப்பே சேர்ந்து கொட்டாவி விடும். அந்தக் கொட்டாவியோடுதான் தேவகி தேறினாள். தேறாத சில பையன்கள் கடலுக்குப் போனார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கொரோனாவுக்குப் பிறகு மறுபடி அதே கதை. போன் இருந்த பிள்ளை படித்தது, இல்லாத பிள்ளை எழுத்துக்கூட்டிக்கொண்டு நிற்கிறது. ஓய்வு பெற்ற கிழவன் நான் மறுபடி பெஞ்சு கேட்டு அந்தக் கான்வென்டுக்குப் போனேன். அந்த நீண்ட மத்தியான இடைவேளையை எப்போதோ எடுத்துவிட்டார்கள். ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அத்தனை அறையும் பூட்டித்தான் கிடக்கிறது. ஆபீஸில் இருந்த இளைஞர், "ரிஸ்க் சார், யாரு பொறுப்பெடுக்கறது?" என்றார். இரண்டு பள்ளிக்கூடங்களுக்கும் நடுவே இருப்பது அதே ஒரு தெருதான். அதைத் தாண்டிப்போய்க் கேட்கிற வழக்கம்தான் ஊரில் ஒழிந்துபோயிற்று.

என்னிடம் ஒழியவில்லை. திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன்.