நாரைக்குளத்துப் பழி, நான்காம் பாகம்

மொஹேய் தெருவில் வந்தால் முதலில் கண்ணில் படுவது மூட்டைதான். பச்சைத் துணியில் கட்டிய புத்தக அடுக்கு அவர் தலைக்கு மேலே ஒரு முழம் நிற்கும். அதற்குக் கீழே இரண்டு கால்கள் நடந்து வரும். வாளிக்கு வளையம் மாட்டும் கென்ஸாக்குவின் இரண்டாவது மருமகன் அவர். மூத்த மருமகன் சாராயக் கடை வைத்துக் கொழித்தான் என்பதை அவர் பெண்டாட்டி ஓதாகி நாளுக்கு ஒரு தடவையாவது ஞாபகப்படுத்தாமல் இருக்கமாட்டாள்.

எடோ பட்டணத்தில் புத்தகத்தை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் பெரிய வீட்டுக்காரர்கள். ஃபுகாகாவா கால்வாய்க்கரையில் எல்லாருக்கும் வாடகைப் புத்தகம்தான். மொஹேய்க்கு அங்கே நாற்பது வாடிக்கை வீடுகள். எதைக் கொண்டுபோனாலும் பழிவாங்கும் கதைக்குத்தான் அடிதடி. அப்பனைக் கொன்றவனைத் தேடி மகன் பத்து வருஷம் அலைவான்; நடுவில் ஒரு பேய், ஒரு கரடி, மலைக்குகையில் ஒரு குரு, யாருக்கும் தெரியாத ஒரு வாள்வீச்சு; கடைசியில் ஒரே வெட்டு. மீன்காரி ஓஷிமா அழுவதற்கென்றே வாங்குவாள். சவரக்காரன் கின்ஜி ஒரு கையில் புத்தகத்தையும் மறுகையில் கத்தியையும் வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பான். வெட்டு வருகிற இடத்தில் வாடிக்கைக்காரன் மூச்சுக்கூட விடமாட்டான்.

வாங்கிப் படிக்கிறவர்கள் ஓரத்தில் கிறுக்கிவைப்பார்கள். 'புத்தகத்தில் எழுதாதீர்' என்று மொஹேய் முத்திரை செய்து ஒவ்வொன்றின் முடிவிலும் குத்தினார். அந்த முத்திரைக்கு மீசை வரைந்தார்கள். அப்புறம் அவருக்கே அந்தக் கிறுக்கல் ருசித்துப்போயிற்று. கதையை விட்டுவிட்டு ஓரத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

அதில் இரண்டு கையெழுத்துகள் மூன்று வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. தடித்துச் சாய்ந்த எழுத்து குடைக்கு மூங்கில் கம்பி சீவும் கவாசே ஷின்னோஜோவுடையது. வடக்கேயிருந்து வந்த சாமுராய், முப்பத்தைந்து வயது, தனிக்கட்டை. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து பல்குச்சி செதுக்கி விற்கும் சோபெய் பெரியவருடையது. இவர் அவரைப் பார்த்ததில்லை, அவர் இவரைப் பார்த்ததில்லை. யார் எழுதுகிறார்கள் என்றும் தெரியாது.

'தேடிப் போகிறவனுக்கு மூன்றாம் மாதமே காலில் வெடிப்பு வரும். ஆசிரியர் பல்லக்கில் போகிறவர் போலிருக்கிறது' என்று தடித்த எழுத்து எழுதும்.

'ஓடி ஒளிகிறவனுக்கும் கால் இருக்கிறது' என்று எறும்பு எழுத்து பதில் சொல்லும்.

மொஹேய்க்கு இது கோழிச்சண்டை பார்க்கிற மாதிரி. பதில் சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்று நடுவிலுள்ள முப்பத்தெட்டு வீட்டையும் தாண்டிக்கொண்டு ஓடுவார். காத்திருந்த ஓஷிமா திட்டுவாள். கேட்டுக்கொள்வார்.

நாரைக்குளத்துப் பழி என்ற கதையின் நான்காம் பாகம் வந்தபோதுதான் வினை வந்தது. அதில் ஒருவன் தங்கச் சுரங்கத்துக்காகக் கொலை செய்கிறான். சோபெய் ஓரத்தில் எழுதியிருந்தார்: 'இவ்வளவு பெரிய காரியத்துக்கு யாரும் வாளை உருவுவதில்லை. பலகையில் காய் வைத்து ஆடும் கோ ஆட்டத்தில் எதிரே இருந்தவர் சிரித்தார் என்று உருவினவனை எனக்குத் தெரியும். மழைநாள். நாலு வருஷம் உருவாத வாள், உறையில் சிக்கி இரண்டாம் இழுப்புக்குத்தான் வந்தது.'

மொஹேய் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போய் ஷின்னோஜோவிடம் கொடுத்தார். ஷின்னோஜோ அந்தப் பக்கத்தைப் படித்தார். கையிலிருந்த மூங்கிலைக் கீழே வைத்தார்.

"மொஹேய், இது எந்த வீட்டிலேருந்து வருது?"

"நாப்பது வீடுங்க ஐயா. எதுன்னு கண்டேன்?"

ஷின்னோஜோ எழுந்துபோய் எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒரு கடுதாசியை எடுத்துவந்து பிரித்தார். பழிவாங்க அவருடைய பிரபு கொடுத்த அனுமதி. பதினேழு வருஷத்துப் பழசு, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.

"எங்கப்பா செத்தப்ப நான் அம்மா மடியில. அவரை வெட்டினவன் மூஞ்சியை நான் பார்த்ததில்ல. ஆனா கோ பலகை, மழை, சிக்கின வாள், இதெல்லாம் அம்மா சொல்லிச் சொல்லித்தான் எனக்குச் சோறு ஊட்டினாங்க. இதை முடிக்காம நான் ஊருக்குத் திரும்ப முடியாது. அப்பா உத்தியோகம் கிடையாது, வீடு கிடையாது. வருஷா வருஷம் சித்தப்பா, ஆச்சா ஆச்சான்னு கடுதாசி போடறார்."

மொஹேய் மூட்டையைக் கட்டிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார்.

ஷின்னோஜோ அதே ஓரத்தில் எழுதினார்: 'ஐந்தாம் மாதம் பத்தாம் தேதி, உச்சிவேளை, பாசிக்குளத்துக் கோயில் முற்றம். மழைநாளில் வாள் சிக்கினவனே, வா. கவாசேயின் மகன்.' மை காய்ந்ததும் புத்தகத்தை நீட்டினார். "அது எந்த வீடோ, அந்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

மொஹேய் வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடவில்லை. நடந்ததை எல்லாம் ஓதாகியிடம் கொட்டினார்.

"ஒருத்தர் சாகப்போறாரு, ஓதாகி. ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடி ஓடிக் கொளுத்திவிட்டது நான்."

"பக்கத்தைக் கிழிச்சு அடுப்புல போடுங்க."

"புத்தகத்தைக் கிழிக்கறதா? என் கையை வேணா வெட்டிக்கறேன்."

"வெட்டிக்குங்க. எங்க அக்கா வீட்டுக்காரர் சாராயம் ஊத்தறாரு, அது ஒருத்தருக்கும் சவால் விட்டதில்ல." ஊறுகாய் முள்ளங்கியை நறுக்கிக்கொண்டே சொன்னாள். "ஏங்க, நாப்பது வீட்டுக்குக் கொடுக்கிற ஆளு, இப்ப மட்டும் எதுக்கு ஒரே வீட்டுக்கு ஓடணும்?"

மொஹேய் அவளைப் பார்த்தார். அப்புறம் இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார்.

மறுநாளிலிருந்து நான்காம் பாகம் வீடுவீடாகப் போயிற்று. படித்தவர்கள் சவாலைப் பார்த்து, மொஹேய் புத்தகத்தோடு ஏதோ வேடிக்கையும் சேர்த்துக் கொடுக்கிறார் என்று குஷியானார்கள். 'அந்தக் கொலைகாரன் நான்தான், வருகிறேன்' என்று கின்ஜி எழுதினான். 'பொய். நான்தான். மீன் விற்று முடித்துவிட்டு வருகிறேன்' என்று ஓஷிமா எழுதினாள். ஓரம் தீர்ந்து, ஜனங்கள் வரிகளுக்கு நடுவிலும் எழுதினார்கள்.

ஒன்பதாம் தேதிதான் மொஹேய் அதை சோபெய் பெரியவரிடம் கொடுத்தார். மறைக்க மனசு வரவில்லை. அந்த மனுஷனுக்கு வந்த கடிதம் அல்லவா.

"பெரியவரே, இன்னிக்கே படகு பிடிச்சு எங்கேயாவது போயிடுங்க. கிறுக்கல் யாருதுன்னு நான் வாயைத் திறக்கமாட்டேன்."

சோபெய் எல்லாருடைய கிறுக்கலையும் ஒவ்வொன்றாகப் படித்தார். மீன்காரி எழுதியதற்குச் சிரிக்கக்கூடச் சிரித்தார்.

"முப்பத்தஞ்சு வருஷமா ஓடிட்டேம்பா. எனக்கும் அறுபத்தெட்டு ஆச்சு. கூப்பிட்டவன் நல்லா எழுதறவன். போகலேன்னா மரியாதையில்ல."

பத்தாம் தேதி மழை விட்டிருந்தது. ஷின்னோஜோ நெற்றியில் வெள்ளைத் துணி கட்டி, அங்கியின் கைகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, முறைப்படி வந்து சேர்ந்தார். முற்றத்தில் முப்பத்தோரு பேர் பாய் விரித்து உட்கார்ந்து சோற்றுருண்டை தின்றுகொண்டிருந்தார்கள். மொஹேய் தூணுக்குப் பின்னால் நின்றார்.

"நான் கவாசேயின் மகன் ஷின்னோஜோ. என் தகப்பனை வெட்டினவன் முன்னால வரட்டும்" என்றார் அவர்.

ஜனங்கள் கைதட்டினார்கள். வேஷம் பிரமாதம் என்று யாரோ சொன்னார்கள்.

கின்ஜி துள்ளி எழுந்தான். "நான்தான் ஐயா. வாள் சிக்கிச்சு, பல்லால கடிச்சு இழுத்தேன்."

"உக்காருடா. உனக்கு அப்ப பொறந்த நாளே வரல" என்றாள் ஓஷிமா. "நான்தாங்க. மீன் வெட்டற கத்தியால."

ஷின்னோஜோ திகைத்துப்போய் நின்றார். ஆளாளுக்கு நான்தான் நான்தான் என்று கை தூக்கினார்கள். அந்தக் கூச்சலுக்குள் சோபெய் பெரியவர் மெல்ல எழுந்து முன்னே வந்தார். அவரிடம் வாள் இல்லை.

"நான்தான்" என்றார்.

"தாத்தா, வரிசையில வாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

சோபெய் திரும்பவில்லை. "உங்கப்பா வீணாச் சிரிக்கல. அவர் வெளியே மழையைப் பார்த்த நேரத்துல நான் ஒரு காயை நகர்த்தி வச்சேன். அவர் கண்டுபிடிச்சுட்டார். திட்டியிருந்தா பொறுத்திருப்பேன். சிரிச்சார். கொலைக்குக் காரணம் அவ்வளவுதான். இதை நான் எந்தப் புத்தகத்துலயும் எழுதல."

இதுவரை சொன்னதிலேயே இதுதான் நல்ல கதை என்று எல்லாரும் ஆர்ப்பரித்தார்கள். மொஹேய் மட்டும் ஷின்னோஜோவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வாள்பிடியில் இருந்தது. விரல்நுனி வெளுத்திருந்தது.

"ஆட்டத்துல யார் முன்னால இருந்தது?" என்று ஷின்னோஜோ கேட்டார்.

"உங்கப்பாதான். மூணு காய். நகர்த்தினப்புறமும் அவர்தான்."

ஷின்னோஜோ பெரியவரின் விரல்களைப் பார்த்தார். மூங்கில் சிராய் குத்திக் குத்திக் காய்த்துப்போயிருந்தன. தன் விரல்களுக்கும் அதே கதிதான். பல்குச்சிக்காரருடைய பாதங்கள் வெடித்திருந்தன. பசியெடுத்த யாரோ சோற்றுருண்டையைக் கடிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

வாள்பிடியிலிருந்து கை இறங்கியது.

"இவர் இல்ல" என்றார் ஷின்னோஜோ எல்லாருக்கும் கேட்கும்படி. "நான் தேடற ஆள் இவர் இல்ல. போய் உக்காருங்க பெரியவரே. அடுத்தது யாரு?"

சோபெய் அங்கேயே நின்றார். ஓஷிமா அவர் தோளைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பாயில் உட்காரவைத்து, ஒரு சோற்றுருண்டையைக் கையில் திணித்தாள். "விடுங்க தாத்தா, நல்லாத்தான் சொன்னீங்க. இந்த ஐயாவுக்கு ரசனை பத்தாது."

அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஷின்னோஜோ முற்றத்தை விட்டு நகரவில்லை. முப்பது பேரையும் முறையாக விசாரித்தார். ஒருவன் குள்ளம், ஒருவனுக்கு இடக்கைப் பழக்கம், ஒருத்தி பெண்பிள்ளை என்று காரணம் சொல்லித் தள்ளினார். கடைசியாக வந்த கின்ஜியையும் தள்ளியபோது அவனுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"இருபது வருஷமா கத்தியும் கையுமா இருக்கேன் ஐயா. என்னைப் பார்த்தா கொலைகாரன் மாதிரி இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே கோயில் படி வரைக்கும் ஷின்னோஜோவின் பின்னாலேயே போனான்.