கூரைமேல் எறிந்த பற்கள்

பெரம்பலூர் பல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததுமே கிராம்புத் தைல வாசனை. மகளின் எக்ஸ்ரேயைக் காட்டி, "மேல்தாடைக்குள்ள ரெண்டு பல் அதிகமா பொதைஞ்சிருக்குங்க. ஆபரேசன் பண்ணி எடுத்துடலாம்," என்றார் டாக்டர்.

இதே வாசனையோடுதான் என் அக்கா, எட்டு வயதில், ஆண்டிமடம் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அவளுக்கும் இதே ஆபரேசன். என்னை ஒருநாளும் தூக்காத அப்பா, அவளை பஸ்ஸிலிருந்து தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு வாரம் அவளுக்கு மட்டும் கப் ஐஸ். எடுத்த இரண்டு பல்லையும் குப்பியில் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். எனக்கும் ஐஸ் கேட்டதற்கு, "ஒனக்கென்னடி, நல்லாத்தான இருக்க," என்றார்.

வயிறு எரிந்தது. விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்தால் புதுப்பல் முளைக்கும் என்பார்கள். அக்காவின் இரண்டு பல்லையும் திருடி, எனக்கு முளைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு எறிந்தேன். தினமும் நாக்கால் அண்ணத்தைத் தடவிப் பார்த்தேன். முளைக்கவே இல்லை.

"அம்மா, ஆபரேசனுக்கு பெரியம்மாவ வரச் சொல்லு," என்றாள் மகள்.

"ஏன், நான் இருக்கேன்ல?"

"அவங்களுக்குத்தான் பண்ணியிருக்காங்க. ஒனக்கு என்ன தெரியும்?"

என் நாக்கு தானாக அண்ணத்தைத் தடவிப் பார்த்தது.