மேனேஜரின் புருவமும் ஒரு ஸ்கோப்பும்

போன வாரம் கண் டாக்டரிடம் போயிருந்தேன். தாடையைத் தாங்கியில் வைத்து, வட்டக் கண்ணாடிக்குள் கண்ணைக் கொடுத்தேன். லென்ஸ் துடைக்கும் திரவத்தின் ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், மனசு நான் முன்பு வேலை பார்த்த ரிச்சர்ட்சன் ஊருக்கு ஓடிவிட்டது, அதுவும் ஒரு துப்பாக்கிக் கடைக்கு.

சிரிக்காதீர்கள். கம்பி மத்தாப்பையே கையை எட்ட நீட்டிப் பிடிக்கிறவன்தான் நான். ஆனால் என் மேனேஜர் டேலுக்கு மான் வேட்டை என்றால் உயிர். எங்களுடையது ஃபைபர் கேபிளில் ஒளியை அனுப்புகிற கம்பெனி. "ஆப்டிக்ஸ் படித்தவனாயிற்றே, குறி பார்க்க என் ரைஃபிள்மேல் மாட்டுகிற நல்ல ஸ்கோப் ஒன்று பார்த்துக் கொடு" என்றார் ஒருநாள். முடியாது என்று எப்படிச் சொல்வது? என் கிரீன் கார்டு வேலையைத் தொடங்கலாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. அதுவரை, என் விசாவை ஒட்டி வந்த என் மனைவி சுமதி வேலைக்குப் போக முடியாது. ஈரோட்டில் பல் டாக்டராக இருந்தவள், இங்கே அபார்ட்மென்ட் ஜன்னலில் பார்க்கிங் லாட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, ஃபைல் பண்ற வரைக்கும் அவரு என்ன சொன்னாலும் ஆமாஞ்சாமி போட்டுட்டு வந்துருங்க" என்று சொல்லித்தான் சனிக்கிழமைகளில் டேலோடு துப்பாக்கிக் கடைக்கு அனுப்பிவைப்பாள்.

உள்ளதைச் சொன்னால், அந்தக் கடையின் ஸ்கோப் கவுன்டர் எனக்குப் பிடித்துப்போனது. எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுகிறது என்பது பெரிய விஷயமே இல்லை. மான் வருவது மசங்கல் நேரத்தில். அந்த மங்கலிலும் கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும். முக்கியமாக, கண்ணைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலும் முழு வட்டமும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்க, ஸ்கோப் முகத்தில் வந்து இடிக்கும். இதையெல்லாம் மனசில் வைத்து, டேலுக்கு ஒன்பது மடங்கு வரை காட்டுகிற ஒன்றை எடுத்தும் கொடுத்தேன்.

அவர் கண்ணோ பக்கத்தில் இருந்த இருபத்துநாலு மடங்குக் குண்டன்மேல். நானும் பார்த்தேன். கண்ணை ஒட்டி வைத்தால்தான் படம் தெரிந்தது. அவருடையதோ கழுதை மாதிரி உதைக்கிற ரைஃபிள். "இது எப்படி?" என்றார். நம் ஆட்கள் மேனேஜரிடம் சொல்கிற பதில் ஒன்று உண்டே, அதையே சொன்னேன்: "அதுவும் நல்லதுதான் சார்." அவர் சந்தோஷமாக அதையே வாங்கிவிட்டார்.

அடுத்து வந்த திங்கட்கிழமை மீட்டிங்குக்கு டேல் வந்தபோது வலது புருவத்துக்கு மேலே பிறை வடிவில் ஒரு வெட்டு, அதன்மேல் தையல். போச்சு, கார்டும் போச்சு, சுமதிக்கு என்ன சொல்வேன்! எழுந்து ஓடவும் வழியில்லை, கதவோரம் அவர்தான் உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் போனதும், "இப்படி இடிக்கும் என்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"என் கிரீன் கார்டு உங்கள் கையில் இருக்கிறதே சார்."

வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியவில்லை. அவர் மெதுவாகப் புருவத்தைத் தடவிக்கொண்டார். எனக்கு எதிரிலேயே போனை எடுத்து, இவனுடைய ஃபைலை இன்றைக்கே ஆரம்பியுங்கள் என்று ஹெச்ஆரிடம் சொன்னார். "இனிமேலாவது என்னிடம் நோ சொல்லு" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதும் சுமதி அழுதுவிட்டாள்.

அந்தக் கம்பெனி இன்று இல்லை. டேலும் போய்ச் சேர்ந்துவிட்டார். சுமதிக்கு ஒருவழியாக வேலை செய்ய அனுமதி கிடைத்தது, ஒரு கிளினிக்கில் இருக்கிறாள். கார்டு மட்டும் இன்னும் வரவில்லை. கார்டுக்குக் காத்திருக்கும் இந்தியர்கள் வரிசை நகர்ந்திருக்கிறதா என்று மாதாமாதம் இணையத்தில் பார்க்கிறோம். நகர்ந்தால் நகர்கிறது, சில மாதம் பின்னாலும் போகிறது. அன்றைக்கு நான் பயந்தது ஒரு மனிதருக்கு. அவர் எதிரில் உட்கார்ந்து உண்மையைச் சொல்ல முடிந்தது, அவருக்கும் காதில் விழுந்தது. பயம் இப்போதும் அப்படியே இருக்கிறது. சொல்லத்தான் ஆள் இல்லை.