மலை இடப்பக்கம் இருந்தால்

பேச்சியம்மாளைத் தோட்டத்திலிருந்து துரத்திவிட்டார்கள் என்று யாராவது சொன்னால், முதலில் வாயைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லுங்கள். யாரும் துரத்தவில்லை. எவனோடும் ஓடவுமில்லை. நடந்து போனாள், பட்டப்பகலில், தொழிலாளர் லயமே பார்க்க.

நொண்டியாம். எந்தத் தரையில் நொண்டி என்று கேளுங்கள்.

பிறவியிலேயே அவளுக்கு இடது கால் நாலு விரற்கடை குட்டை. மலாயாவில், காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவளுக்குப் பால் வெட்டக் கொடுத்த மர நிரை மலைச்சரிவில் இருந்தது. மலை எப்போதும் தன் இடப்பக்கம் வருகிற மாதிரி மரங்களைச் சுற்றுவாள். குட்டைக் கால் மேட்டில், நெட்டைக் கால் பள்ளத்தில். உடம்பு நூல் பிடித்தாற்போல் நேராக நிற்கும். அடுத்த நிரைக்காரி கருப்பாயி, இரண்டு காலும் சரியாக இருந்தும், வாரம் ஒரு தடவையாவது வாளியோடு உருண்டாள். அவளை யாரும் நொண்டி என்றதில்லை.

காலையில் ஆள் கூப்பிடுகிற பெரட்டுக் களம் மட்டும் சமதரை. அங்கே நின்றால் பேச்சி சாய்வாள். அந்தச் சாய்வைப் பார்த்துத்தான் அவளுக்கு அரைப்பேர், அதாவது அரை ஆள் கூலி. பட்டப்பெயரும் அதுவே ஆயிற்று.

ரப்பர் விலை விழுந்த வருஷம், வேலைக்கு லாயக்கில்லாதவர்களை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றப் போவதாகச் சொன்னார்கள். பேச்சி அந்த ஊரைக் கண்டதே இல்லை. பிறந்ததும் இங்கே, தாயைப் புதைத்ததும் இங்கே. அங்கே இறங்கினால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது?

சோதனையும் அந்தக் களத்தில்தான். தோளில் காண்டாக் கம்பு, இரண்டு முனையிலும் பால் நிறைந்த வாளி. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் நடக்க வேண்டும். சிந்தினால் கப்பல்.

“கங்காணி, என் நிரையில வந்து பாருங்க. ஒரு சொட்டு சிந்தினா நானே போயிடுறேன்.”

கனகராஜ் கங்காணி வெற்றிலையைத் துப்பினார். “கப்பல்ல மலைக்கு எங்க போவ?”

களம் சிரித்தது, கருப்பாயியும் சேர்ந்து. பத்து அடிவரை பேச்சி சிந்தவில்லை. பதினோராவது அடியில் கம்பு இடப்பக்கம் இறங்கியது. செம்மண்ணில் வெள்ளையாக ஒரு கோடு. கணக்கெழுதும் கிராணி கப்பல் பட்டியலில் அவள் பெயரை எழுதிக்கொண்டார்.

அன்று மத்தியானமே மலைக்கு அந்தப் பக்கம் போனாள். அங்கே ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், சின்னத் தோட்டம், முழுக்கச் சரிவு. தவுக்கே ஒரு மரத்தைக் காட்டினார். அவள் இடுப்புக் கத்தியை எடுத்து வெட்டினாள். வெட்டிய பட்டையை அவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, “போலே,” என்றார். மலாயில், முடியும் என்று. அவள் காலை அவர் பார்க்கவே இல்லை.

மூன்றாம் நாள் லயத்து வாசலில் லாரி வந்து நின்றது. கருப்பாயி உள்ளே வந்து கையைப் பிடித்தாள்.

“போயிரு புள்ள. ஊர்ல கோயில் வாசல்ல உக்காந்தாலும் சோறு போடுவாங்க.”

“இது கத்தி புடிச்ச கை. நீட்டிப் பழக்கமில்ல.”

வெளியே கங்காணி கூப்பிட்டார். பேச்சி துணி மூட்டையோடு கதவைத் திறந்தாள். வாசலெல்லாம் சமதரை. சாய்ந்து சாய்ந்துதான் நடந்தாள். யாரோ சிரித்தார்கள். லாரியைத் தாண்டினாள்.

“லாரி இங்க இருக்கு, அரைப்பேரு.”

“தெரியுது. ஏறுறவங்கள ஏத்துங்க.”

கங்காணி இரண்டடி பின்னால் வந்து நின்றுவிட்டார். அவள் திரும்பவில்லை. தவுக்கே தோட்டத்துக்குப் போகிற மேட்டுப் பாதையில் இடது காலை வைத்தாள், நிமிர்ந்தாள். இதைத்தான் துரத்திவிட்டார்கள் என்கிறார்கள்.